திருச்சிக்கு ஒரு கோடு, சிலோனுக்கு ஒரு கோடு

"தாத்தா எப்போது பார்த்தாலும் திருச்சி வானொலி, சிலோன் ரேடியோ என்றே பேசுகிறார். அந்தக் காலத்து நிலையங்களுக்கு இன்றைய எஃப்.எம். மாதிரி தனித்தனிப் பாணி இருந்ததா? என்ன போடுவார்கள், எந்த நேரத்தில்?" இதுதான் கேள்வி. நானும் தாத்தா வயதுக்காரன்தான், வேதாரண்யம் பக்கம். நடுவில் கொஞ்ச காலம் வானொலிக்கு உரைச்சித்திரம் எழுதிக் கொடுத்த பழக்கமும் உண்டு. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

எங்கள் வீட்டு வால்வு ரேடியோவின் கண்ணாடியில் அப்பா சிவப்பு மையால் இரண்டு கோடுகள் போட்டு வைத்திருந்தார். ஒன்று திருச்சி, இன்னொன்று சிலோன், அதாவது இலங்கையின் கொழும்பு நிலையம். காலையில் முள் திருச்சியில் நிற்கும். ஏழே கால் டெல்லிச் செய்தி முடிந்து கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து சிலோனுக்குத் திருப்பிவிடுவாள். சாயங்காலம் மாநிலச் செய்திக்கு அப்பா மறுபடி திருச்சிக்குக் கொண்டுவருவார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு முள் யார் கையில் என்பதில் சண்டை நடக்கும். உங்கள் கேள்விக்கான பதில் பாதி இதிலேயே இருக்கிறது. இன்றைக்குப் பாணி என்றால் ஒரு நிலையம் நாள் முழுக்க ஒரே சரக்கைப் போடுவது. அன்றைக்கு நிலையத்தின் பாணி அதன் நேரப் பட்டியலில் இருந்தது. எந்த மணிக்கு எந்த நிலையம் என்று மாற்றி மாற்றிக் கேட்டு, நேயரே தனக்கு ஒரு பாணியைச் செய்துகொண்டார்.

முதலில் திருச்சியைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வானொலி அரசாங்கத்தால் தொடங்கியது அல்ல. சென்னையில் 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முதலானோர் ஒரு ரேடியோ கிளப் வைத்து ஒலிபரப்பினார்கள். மூன்று வருஷத்தில் பணமில்லாமல் அது படுத்துவிட்டது. கருவியை வாங்கிக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930இல் தானே ஒலிபரப்பத் தொடங்கியது. வீட்டில் ரேடியோ வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய காலம் என்பதால் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். காற்று வாங்கப் போனவர்கள் கச்சேரியும் கேட்டுவிட்டு வந்தார்கள். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனில் வந்தது, திருச்சி 1939 மே மாதத்தில். அப்புறம் நீண்ட இடைவெளி. திருநெல்வேலி 1963, கோயம்புத்தூர் 1966, புதுச்சேரி 1967. ஆக ரொம்ப நாள் தமிழ்நாட்டின் பாதிக்குமேல் திருச்சியின் சத்தத்தில்தான் விடிந்தது.

இந்த நிலையங்கள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கவில்லை. காலையில் ஒன்று, நண்பகலில் ஒன்று, மாலையிலிருந்து இரவு வரை ஒன்று என்று மூன்று ஒலிபரப்பு. நடுவில் நிலையத்தை மூடிவிடுவார்கள். "இத்துடன் எங்கள் முதல் ஒலிபரப்பு நிறைவடைகிறது" என்று அறிவிப்பாளர் சொன்னால் பெட்டியை அணைத்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். இன்றைய பிள்ளைகளுக்கு ரேடியோ மூடும் என்பதே நம்ப முடியாத விஷயமாக இருக்கிறது.

உள்ளே எல்லாவற்றையும் நடத்தியது ஓர் அட்டவணை. நிலையத்துக்காரர்கள் அதை 'ஃபிக்ஸட் பாயின்ட் சார்ட்' என்பார்கள். எந்த நாள், எந்த மணி, எத்தனை நிமிஷம், என்ன வகை நிகழ்ச்சி என்று கட்டம் போட்டு வைத்திருப்பது. அந்த வகைகளைக் கேட்போரைப் பார்த்துப் பிரித்திருந்தார்கள் என்பதுதான் முக்கியம். விடியற்காலையில் நிலையத்தின் முகப்பிசை, வந்தே மாதரம், மங்கள இசை, பக்திப் பாடல். இவை வீட்டில் முதலில் எழுகிறவர்களுக்கு. அப்புறம் செய்திகள். வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பிய பிறகு, நண்பகலில் மகளிர் நிகழ்ச்சி. பள்ளி நாட்களில் பள்ளி ஒலிபரப்பு. மாலையில் விவசாயிகளுக்கு. இளைஞர்களுக்கு 'இளைய பாரதம்'. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்கு. சென்னையில் கூத்தபிரான் 'வானொலி அண்ணா'வாக இருந்து எத்தனையோ குழந்தைகளை மைக் முன் நிற்கவைத்தார். இரவில் நாடகம், கர்நாடகக் கச்சேரி. ஞாயிறு பிற்பகலில் ஒரு முழுப் படத்தின் வசனத்தையும் பாட்டையும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிய ஒலிச்சித்திரம். தியேட்டருக்குக் காசில்லாத வீடுகள் படம் பார்த்தது அப்படித்தான்.

இதில் ஒரு கஷ்டமும் இருந்தது. ஒரே நிலையம் எல்லாருக்கும் பரிமாறுவதால், உங்கள் பங்கு வரும் வரை மற்றவர்களின் பங்கையும் கேட்டாக வேண்டும். காலை ஆறு ஐம்பத்தைந்துக்கு சமஸ்கிருதச் செய்தி வரும். ஒரு வார்த்தை புரியாத எங்கள் தெருவில் பாதிப்பேருக்கு அதன் தொடக்க வரி மனப்பாடம். வாசிப்பவர் பெயரான பலதேவானந்த சாகரை ராகத்தோடு சொல்லிக் காட்டுவோம். கர்நாடக சங்கீதமும் எனக்கு இப்படி வந்து சேர்ந்ததுதான். யாரும் சொல்லித்தரவில்லை. நாடகத்துக்குக் காத்திருந்த நேரத்தில் காதில் விழுந்தது. திருவையாறு ஆராதனையின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை வருஷா வருஷம் நேரடியாக ஒலிபரப்புவார்கள். அன்றைக்கு எங்கள் ஊர் டீக்கடையிலும் அதுதான் ஓடும். பாடகர்களுக்குத் தேர்வு வைத்து பி, பி ஹை, ஏ, ஏ டாப் என்று தரம் பிரித்தது வானொலி. கோயில் கச்சேரி நோட்டீசில் 'ரேடியோ புகழ்' என்று போட்டுக்கொள்ள ஒரு தகுதி அது.

விவசாய நிகழ்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 'அந்தக் கால ரேடியோ' என்றாலே எல்லாரும் பாட்டைப் பற்றியே பேசுவதால் இது விட்டுப்போகிறது. திருச்சி நிலையத்தில் 1966இல் விவசாயத்துக்கென்று தனிப்பிரிவு தொடங்கியது, பண்ணை இல்ல ஒலிபரப்பு. தஞ்சாவூர் மாவட்டத்தில் அப்போது 'பேக்கேஜ் திட்டம்' என்று விதை, உரம், கடன் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் திட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் வெளிவந்திருந்தது. நூற்றைந்து நாள் பயிர், குறுவைக்குத் தோதானது. ஆனால் புது விதை என்றால் டெல்டா விவசாயி லேசில் நம்பமாட்டார். திருச்சி வானொலி தினமும் அதைப் பற்றிப் பேசியது. எப்போது நாற்றுவிட வேண்டும், எத்தனை நாளில் பிடுங்கி நட வேண்டும், எந்தப் பூச்சிக்கு என்ன மருந்து என்று பயிரின் வயதோடு நிகழ்ச்சியும் கூடவே நடந்தது. நட்டுப் பார்த்த விவசாயிகளையே கூட்டிவந்து பேசவைத்தார்கள். கடைசியில் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வந்துவிட்டது. விதை வாங்கப் போகிறவர்கள் ஏ.டி.டி. எண்ணைச் சொல்லமாட்டார்கள். ரேடியோ நெல் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். ஒரு நிலையத்தின் நேரப் பட்டியலில் இருந்த ஒரு கட்டம் ஒரு மாவட்டத்து வயலுக்குள் இறங்கிய கதை இது. எந்தப் பாட்டு நிகழ்ச்சிக்கும் இப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை.

அதைக் கேட்ட விதமும் வேறு. பஞ்சாயத்து போர்டு ரேடியோ என்று ஒன்று இருந்தது. சின்னதாக ஓர் அறை, உள்ளே பூட்டிய பெட்டி, மேலே புனல் ஒலிபெருக்கி. சாயங்காலம் பஞ்சாயத்து ஆள் வந்து திறந்து வைப்பார். கீழே சிமெண்டுத் திண்ணையில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். நிகழ்ச்சியை உரையாடலாகத்தான் செய்வார்கள். விவரம் தெரிந்த ஒருவர், எதற்கெடுத்தாலும் சந்தேகம் கேட்கும் ஒருவர். திண்ணையில் இருப்பவர்கள் மனசில் இருக்கும் கேள்வியை அந்தச் சந்தேகக்காரர் கேட்டுவிடுவார். சில நாள் கேட்கமாட்டார். அப்போது திண்ணையிலிருந்து நாலு குரல் பெட்டியைப் பார்த்துக் கேட்கும், பெட்டி பதில் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். தென்கச்சி கோ. சுவாமிநாதனும் இந்தத் துறையில் வந்தவர்தான். விவசாயம் படித்தவர், திருநெல்வேலி நிலையத்தில் பண்ணை நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தார். சென்னைக்குப் போய் 'இன்று ஒரு தகவல்' சொன்னபோது நாடு முழுக்கப் பிடித்துப்போன அந்தத் திண்ணைப் பேச்சுக் குரல், என் கணிப்பில், விவசாய ஒலிபரப்பில் பழகிய குரல்.

சரி, சிலோனுக்கு வருவோம்.

கொழும்பில் 1925லேயே ஒழுங்கான ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகள் அங்கே சக்திவாய்ந்த ஒலிபரப்பி ஒன்றை நிறுவின. போர் முடிந்து சில வருஷத்தில் அது இலங்கையின் கைக்கு வந்தது. 1950இல் விளம்பரம் வாங்கும் வர்த்தக சேவை தொடங்கியது. அதே சமயத்தில் இந்தியாவில் என்ன நடந்தது என்றால், 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு மனிதர்களைக் கெடுக்கிறது என்று நினைத்தவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு குறைந்து தேய்ந்தது. நேயர்கள் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். விளம்பரதாரர்களும் பின்னாலேயே போனார்கள், ஏனென்றால் இந்திய வானொலியில் 1967 வரை விளம்பரமே கிடையாது. பம்பாயில் அமீன் சயானி பதிவு செய்த இந்திப் பாட்டு நிகழ்ச்சி கொழும்புக்குப் போய், அங்கிருந்து இந்தியா முழுவதும் ஒலித்தது. இதற்கு டெல்லி கொடுத்த பதில்தான் 1957 அக்டோபரில் வந்த விவித பாரதி என்ற பாட்டுச் சேவை. ஒரு அமைச்சரின் ரசனை இரண்டு நாட்டு வானொலியையும் மாற்றிப்போட்டது என்றால் மிகையில்லை.

தமிழில் கொழும்பு செய்தது இன்னும் சுவாரசியம். தமிழ் வர்த்தக சேவைக்கு அடித்தளம் போட்டவர் எஸ்.பி. மயில்வாகனன். அவருக்குப் பின்னால் ஒரு படையே வந்தது. பி.எச். அப்துல் ஹமீத், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், சில்வெஸ்டர் பாலசுப்பிரமணியம், புவனலோசினி துரைராஜசிங்கம் என்று. எங்கள் பக்கத்தில் சினிமா நடிகர்களுக்கு அடுத்தபடியாக இவர்கள் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். முகம் தெரியாது, அதனால் ஆளாளுக்கு ஒரு முகம் கற்பனை பண்ணி வைத்திருந்தோம்.

நிகழ்ச்சிப் பெயர்களைப் பாருங்கள். திருச்சியில் 'திரை இசை' என்று போட்டதை அவர்கள் 'பொங்கும் பூம்புனல்' என்றார்கள். இரவுக்கு 'இரவின் மடியில்'. பாட்டுகள் இரண்டு பக்கமும் ஒன்றுதான், சென்னையில் பதிவான அதே இசைத்தட்டுகள். அவற்றை ஒரு நூலில் கோத்துக் கொடுத்தது கொழும்பு. 'இசையும் கதையும்' என்றால் நேயர் எழுதி அனுப்பிய ஒரு கதை, அதன் திருப்பங்களில் பொருத்தமான சினிமாப் பாட்டு. அழாமல் கேட்டவர்கள் எங்கள் தெருவில் குறைவு. 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியில் பாடிக்கொண்டிருப்பவரை ஹமீத் நிறுத்தி ஓர் எழுத்தைச் சொல்வார், அடுத்தவர் அந்த எழுத்தில் தொடங்க வேண்டும். புலவர்களின் அந்தாதி மாதிரிதான், ஆனால் பாடுகிறவர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஒருவர். பிறகு தமிழ்த் தொலைக்காட்சிகள் ஆளுக்கொரு பெயரில் போட்ட பாட்டுப் போட்டிகளில் பலவற்றுக்கு அங்கே வேர் இருக்கிறது. நாடகமும் சும்மா இல்லை. சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' வாராவாரம் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றை எங்கள் வீட்டுக்குள் உட்காரவைத்தது. அவர்கள் பேசும் தமிழ் முதலில் பாதி புரியாது. நாலு வாரத்தில் பழகிவிடும்.

ஆனால் கொழும்பின் உண்மையான சூட்சுமம், நேயரின் பெயரை உரக்க வாசித்தது. பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம், நீங்கள் கேட்டவை. பாட்டுக்கு முன்னால் வரிசையாகப் பெயர்கள், ஊர்கள். அப்பா பெயர், அம்மா பெயர், மாமா, சித்தி, அப்பம்மா என்று பெயர்ப்பட்டியல் பாட்டைவிட நீளமாகப் போகும். விருப்பம் கேட்டு எழுதிய அக்காவின் பெயர் ஒரே ஒரு முறை வந்தது, பெயரையும் ஊரையும் கொஞ்சம் தப்பாகச் சொன்னார்கள். ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவள்தான் ஊர்ப் பிரபலம். அகில இந்திய வானொலியும் நேயர் விருப்பம் வைத்திருந்தது. ஆனால் அங்கே பெயரை வாசித்தது ஏதோ ஆஜர் எடுப்பது போல இருக்கும். நேயரை எந்தப் பிரிவில் வைப்பது என்று திருச்சிக்குத் தெரிந்திருந்தது. கொழும்புக்கு அவர் பெயர் தெரிந்திருந்தது. இரண்டு பாணிக்கும் நான் சொல்லும் வித்தியாசம் இது ஒன்றுதான்.

எங்கள் பக்கம் சிலோன் அவ்வளவு தெளிவாகக் கேட்டதற்கு அறிவிப்பாளர்கள் மட்டும் காரணம் இல்லை, கடலும் காரணம். மத்திய அலை (மீடியம் வேவ்) பகலில் தரையை ஒட்டித்தான் பயணம் செய்யும். காய்ந்த மண் அதை விழுங்கிவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடல்மேல் வரும் அலை அவ்வளவாகத் தேயாது. அதனால் வேதாரண்யத்திலும் இராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் கொழும்பு பக்கத்து ஊர் மாதிரி. சேலத்துக்காரர் சிற்றலையில் (ஷார்ட் வேவ்) 25, 31, 41 மீட்டர் என்று தேடித் திருகி, அலை ஏறி இறங்குவதைப் பொறுத்துக்கொண்டு கேட்க வேண்டும். ராத்திரியானால் கதை மாறும். பகலில் மத்திய அலையை உறிஞ்சிக்கொண்டிருக்கும் வளிமண்டலத்தின் ஓர் அடுக்கு சூரியன் போனதும் கலைந்துவிடும். அலை மேலே போய் எதிரொலித்துத் தூரத்தில் இறங்கும். அப்போது திருச்சியின் மேலேயே எங்கிருந்தோ ஒரு மொழி வந்து உட்காரும். வீட்டு மேலே இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டிய ஏரியல் வலையைத் திருப்பிக் கட்டுவதும், டிரான்சிஸ்டர் வந்த பிறகு பெட்டியையே கோணம் மாற்றி வைப்பதும், செத்த பேட்டரியை வெயிலில் காயவைப்பதும் எல்லா வீட்டிலும் நடந்த வைத்தியம். இதற்கெல்லாம் மேலே, ரேடியோ வைத்திருக்க தபால் ஆபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் வேறு கட்ட வேண்டும். எண்பதுகளின் நடுவில்தான் அது ஒழிந்தது.

இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு கொழும்பின் சத்தம் எங்களுக்கு முன்போல இனிக்கவில்லை. பாட்டுக்கு நடுவில் என்ன செய்தி வருமோ என்று இருக்கும். அறிவிப்பாளர்களில் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். கே.எஸ். ராஜா 1994இல் கொழும்பில் கொல்லப்பட்டார். அதற்குள் இங்கே டேப் ரிக்கார்டரும் தொலைக்காட்சியும் வந்து, பாட்டுக்காக ரேடியோவை நம்பியிருக்கும் நிலையும் போய்விட்டது.

நீங்கள் 'உள்ளூர்' நிலையங்கள் என்றும் யோசித்திருந்தால், உண்மையில் அந்தப் பெயருக்கு உரியது நாகர்கோவில்தான். திருச்சியும் திருநெல்வேலியும் பல மாவட்டங்களுக்கான நிலையங்கள். ஒரே மாவட்டத்துக்கென்று ஒரு நிலையம் வைத்துப் பார்ப்போம் என்று அகில இந்திய வானொலி எடுத்த முதல் சோதனை 1984 அக்டோபரில் நாகர்கோவிலில் நடந்தது. இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அது. யோசித்துத்தான் இடம் பிடித்திருக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பேச்சு வேறு, சாப்பாடு வேறு, ரப்பர், கயிறு, மீன் என்று தொழில் வேறு. திருநெல்வேலியிலிருந்து வரும் பருத்தி விவசாயம் அவர்களுக்கு என்னத்துக்கு? அங்கே பாணி என்னவென்றால், ஸ்டூடியோவுக்கு ஆளை வரவழைப்பதைக் குறைத்து, டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போவது. அதுவரை வானொலியில் பேச வேண்டும் என்றால் எழுதிக்கொண்டு போய், அவர்கள் திருத்திக் கொடுத்ததை மைக் முன்னால் வாசிக்க வேண்டும். நானே இருமல் வந்தால் என்ன செய்வது என்று பயந்து பயந்து வாசித்திருக்கிறேன். கடற்கரையில் வலை பின்னிக்கொண்டே ஒருவர் தன் பேச்சில் பேசியதை அப்படியே போடுவது என்பது அன்றைக்குப் பெரிய உடைப்பு.

எஃப்.எம். பற்றியும் ஒரு வார்த்தை. அது தனியார் கொண்டுவந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு சென்னையில் 1977 ஜூலையில் அகில இந்திய வானொலி தொடங்கியது. கேட்கப் பெட்டி யாரிடமும் இல்லை, அவ்வளவுதான். மக்களிடம் எஃப்.எம். பரவியதில் கொடைக்கானல் நிலையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பண்பலை நேர்கோட்டில் போகும் அலை, உயரம்தான் அதற்குப் பலம். இரண்டாயிரம் மீட்டர் மலைமேல் கம்பத்தை வைத்தால் ஏறக்குறைய 180 கிலோமீட்டர் அடிவானம் கிடைக்கும். மதுரை, தேனி, திண்டுக்கல் என்று சுற்றியுள்ள ஊர்களின் டீக்கடை, தறிக்கூடம், மினி பஸ் எல்லாவற்றிலும் கொடைக்கானலின் 100.5 அலைவரிசைதான் ஓடியது.

தனியார் நிலையங்களில் ஏன் விவசாயமும் நாடகமும் இல்லை என்று அடுத்த கேள்வி வரும். அவர்கள் ஏலத்தில் பெரும் பணம் கட்டி அலைவரிசை வாங்குகிறார்கள். சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை. விளம்பரத்தில்தான் பணத்தைத் திருப்ப வேண்டும். மிஞ்சுவது சினிமாப் பாட்டும் பேச்சும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கொழும்பின் பெயர் வாசிக்கும் பாணியைத்தான் தொலைபேசி அழைப்பாக மாற்றி வைத்திருக்கிறார்கள், நூலில் கோக்கும் வேலையை மட்டும் விட்டுவிட்டார்கள்.

பழைய பாணி இன்னும் எங்காவது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், கல்லூரிகளும் தொண்டு அமைப்புகளும் தங்கள் பகுதி மக்களுக்காக நடத்தும் சமுதாய வானொலிகளைக் கேளுங்கள். 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் முதலில் வந்தது. எங்கள் நாகப்பட்டினம் பக்கம் விழுந்தமாவடியில் 'களஞ்சியம்' இருக்கிறது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே 2016இல் 'கடல் ஓசை' தொடங்கியது. எட்டும் தூரம் கொஞ்சம்தான். அதில் வானிலை, காற்றின் வேகம், கடலுக்குள் போகலாமா வேண்டாமா என்பதைப் பாட்டுகளுக்கு நடுவே சொல்கிறார்கள். போன முறை இராமேஸ்வரம் போனபோது பஸ்ஸை விட்டு இறங்கி, செல்போனில் இயர்போனைச் செருகி அரை மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த பஸ் ஏறினேன்.